பெரிய எழுத்து, சிறிய எழுத்து: தரவுத்தளம் மாற்றும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் செயலியை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றிய பிறகு, ஒரே மின்னஞ்சல் முகவரி ஒருமுறை பெரிய எழுத்தில் தொடங்கியும் மறுமுறை முழுவதும் சிறிய எழுத்திலும் பதிவாகி இரண்டு கணக்குகளாகிவிட்டதென்றும், வாடிக்கையாளர் பட்டியலில் பெரிய இசட்டில் தொடங்கும் பெயர் சிறிய ஏயில் தொடங்கும் பெயருக்கு மேலே நிற்கிறதென்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் மருந்தாக எல்லா வினவல்களிலும், எதையும் சிறிய எழுத்தாக்கித் தரும் லோயர் ஃபங்ஷனைச் சேர்த்துக்கொண்டு வருவதாகவும் சொல்லியிருந்தீர்கள். அந்த வேலையைச் சற்று நிறுத்திவையுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். ஒரே சிக்கலாக உங்களுக்குத் தெரிவது உண்மையில் இரண்டு: எவை சமம் என்பது ஒன்று, எது முன்னால் வரும் என்பது மற்றொன்று. இரண்டையும் நெடுவரிசையின் வரையறையிலேயே தீர்த்துவிட்டால், வினவல் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

வரிசையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது எளிது. ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி குறியீட்டில் பெரிய ஏயின் எண் 65, பெரிய இசட்டின் எண் 90, சிறிய ஏயின் எண் 97. எழுத்தை எண்ணாக மட்டும் பார்த்து அடுக்கினால் பெரிய எழுத்துகள் அனைத்தும் முடிந்த பின்னரே சிறிய எழுத்துகள் தொடங்கும். போஸ்ட்கிரெஸில் சி என்ற கொலேஷனுடன், அதாவது ஒப்பீட்டுக்கும் வரிசைக்குமான விதித்தொகுப்புடன், உருவாக்கிய தரவுத்தளம் இப்படித்தான் அடுக்கும். உங்களுடையதும் அப்படி உருவானதாகவே இருக்க வேண்டும். பல மொழி உரைகளைக் கையாளும் ஐசியூ என்ற மென்பொருள் நூலகம் பின்பற்றும் யூனிகோட் விதிகளோ படிப்படியாக ஒப்பிடுகின்றன. முதலில் அடிப்படை எழுத்தைப் பார்க்கும், அதில் வேறுபாடு இல்லையென்றால் எழுத்தின் மேலுள்ள குறிகளைப் பார்க்கும், அதிலும் இல்லையென்றால்தான் பெரியதா சிறியதா என்று பார்க்கும். எனவே ஒரே பெயரின் இரு வடிவங்களும் அடுத்தடுத்து நிற்கும், ஆனால் ஒன்றுக்கொன்று சமமாகிவிடாது. உங்கள் பட்டியலுக்கு வேண்டியது இவ்வளவே. அந்த நெடுவரிசைக்கு ஒரு ஐசியூ கொலேஷனைக் கொடுத்துவிட்டால் வினவலில் வரிசையைச் சொல்லும் ஆர்டர் பையில் லோயருக்கு வேலையில்லை.

பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இருந்தாலும் இதே மாற்றம் உதவும். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து இல்லைதான்; ஆனால் யூனிகோட் எண்களின்படி அடுக்கினால் மெய்வரிசையின் கடைசியில் வர வேண்டிய ன, ந-வுக்கும் ப-வுக்கும் இடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி, சமம் என்ற கேள்வி. மைஎஸ்கியூஎல் 8.0-இன் இயல்பு கொலேஷனுடைய பெயர் ஏஐ, சிஐ என்று முடியும். மேற்குறிகளையும் பொருட்படுத்தாதே, எழுத்தின் அளவையும் பொருட்படுத்தாதே என்பது அதன் பொருள். நீங்கள் கேட்காமலேயே அது, ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்னும் உங்கள் யூனிக் கட்டுப்பாட்டுக்குள் புகுந்து, இரண்டாவது பதிவைத் தடுத்துக்கொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் இயல்புநிலையில் பைட்டுகள் ஒன்றாக இருந்தால்தான் சமம். எஸ்கியூஎல் சர்வர் வழக்கமான ஆங்கில நிறுவலில் எழுத்தின் அளவைப் பொருட்படுத்தாது, மேற்குறிகளைப் பொருட்படுத்தும். எஸ்கியூலைட்டின் போக்கு தனி: சமக்குறிக்கு எழுத்தின் அளவு முக்கியம், உரையின் ஒரு பகுதியைக் கொடுத்துத் தேடும் லைக்குக்கு முக்கியமில்லை, அதன் நோகேஸ் கொலேஷனுக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைத் தவிர வேறெதுவும் தெரியாது.

லோயரை எங்கும் சேர்ப்பதில் எனக்குள்ள முதல் மறுப்பு, விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸை அது பயனற்றதாக்கிவிடும் என்பது. மின்னஞ்சல் நெடுவரிசையின் இன்டெக்ஸில் இருப்பவை பயனர் தட்டச்சு செய்த மதிப்புகள். நீங்கள் தேடுவது அவற்றின் சிறிய எழுத்து வடிவத்தை. தரவுத்தளம் அட்டவணை முழுவதையும் வாசித்து, ஒவ்வொரு பதிவுக்கும் லோயரைக் கணக்கிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது மறுப்பு இதைவிடப் பெரியது: வாசிக்கும் வினவல்களில் எத்தனை லோயர் இருந்தாலும், எழுதும் இடத்தில் இரட்டைப் பதிவைத் தடுக்க அவற்றால் இயலாது. மின்னஞ்சலின் லோயர் வடிவத்தின் மேலேயே ஒரு யூனிக் இன்டெக்ஸை உருவாக்கினால் இரண்டும் ஒருசேரத் தீரும். பயனர் தட்டச்சு செய்தது அப்படியே காட்சிக்கு இருக்கும், ஒப்பீடு இன்டெக்ஸ் வழியே நடக்கும், இரண்டாவது கணக்கு உருவாகவும் செய்யாது.

வினவல்களிலிருந்து லோயர் அறவே போக வேண்டுமென்றால், சிஐடெக்ஸ்ட் நீட்டிப்பு தரும் தரவுவகையைப் பயன்படுத்தலாம். உள்ளே அதுவும் லோயரைத்தான் அழைக்கிறது. போஸ்ட்கிரெஸ் 12 முதல் நான்டிடெர்மினிஸ்டிக் கொலேஷன் என்ற வசதியும் உண்டு. பைட்டுகள் வேறானாலும் சமம் என்று சொல்ல அனுமதிக்கும் ஐசியூ கொலேஷன் அது. கொள்கையளவில் இதுவே நேர்த்தியான வழி. ஆனால் 18-ஆம் பதிப்பு வரும்வரை அத்தகைய நெடுவரிசையில் லைக் வேலை செய்யாது என்பதால், பெயரின் ஒரு பகுதியைக் கொடுத்துத் தேடும் உங்கள் திரை பழைய பதிப்பில் பிழையைத்தான் காட்டும். மின்னஞ்சலுக்கு நான் யூனிக் இன்டெக்ஸையே தேர்ந்தெடுப்பேன்.

எல்லா நெடுவரிசைகளையும் இப்படி மாற்றிவிடாதீர்கள். கடவுச்சொல் மீட்புக்காக நீங்கள் அனுப்பும் டோக்கன் பேஸ்64 வடிவத்தில் இருக்கிறது. அதில் பெரிய ஏயும் சிறிய ஏயும் வெவ்வேறு மதிப்புகள். மைஎஸ்கியூஎல்லில் இருந்த காலமெல்லாம் அந்த நெடுவரிசை இரண்டையும் ஒன்றாகவே கருதிவந்தது. நீளமான டோக்கன் என்பதால் மோதல் வெளியே தெரியவில்லை. ஆறேழு எழுத்துகளே கொண்ட சுருக்க இணைப்புக் குறியீடாக இருந்திருந்தால் ஒருவருடைய குறியீடு வேறொருவரின் பக்கத்தைத் திறந்திருக்கும். இத்தகைய நெடுவரிசைகளுக்குப் பைட் ஒப்பீடே உரியது, சி கொலேஷன் அங்கே தாராளமாக இருக்கட்டும். மின்னஞ்சலிலும் ஒரு நுணுக்கம் உண்டு: மின்னஞ்சல் அனுப்புவதற்கான நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5321-இன்படி அட் குறிக்கு முன்னாலுள்ள பகுதியில் எழுத்தின் அளவு முக்கியம். நடைமுறையில் அதைக் கருதி இரு கணக்குகள் வைத்திருப்பவரைத் தேடிப்பிடிப்பது கடினம். ஆயினும் கடிதம் அனுப்பும்போது பயனர் கொடுத்த வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

லோயர் எல்லா மொழிக்கும் ஒன்றுபோல நடப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். துருக்கிய மொழியில் பெரிய ஐயின் சிறிய வடிவம் புள்ளியில்லாத வேறோர் எழுத்து. எனவே பயன்பாட்டு நிரலில் ஒரு மொழியமைப்பிலும் தரவுத்தளத்தில் மற்றொன்றிலும் லோயர் செய்தால் விடைகள் பொருந்தாமல் போகலாம். மாற்றுவதை ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள்.

பக்கம் பக்கமாகக் காட்டும் உங்கள் பட்டியலில் சில பெயர்கள் இரண்டு பக்கங்களிலும் வருவதாகக் குறிப்பிட்டிருந்தீர்களே, அதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. லோயர் வடிவத்தால் அடுக்கும்போது இரு பெயர்கள் சமமாகிவிட்டால் அவற்றில் எது முன்னால் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. முதல் பக்கத்துக்கான வினவலில் ஒருவாறும் இரண்டாம் பக்கத்துக்கானதில் வேறுவாறும் வரலாம். கொலேஷனை மாற்றினாலும் ஒரே பெயருள்ள இருவர் இருக்கத்தான் செய்வார்கள் என்பதால், ஆர்டர் பையின் இறுதியில், ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயையும் சேர்த்துவிடுங்கள்.

சர்வரின் இயங்குதளத்தை மேம்படுத்தும் நாளில் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. இன்டெக்ஸ் என்பது வரிசைப்படி அடுக்கிய மதிப்புகள். வரிசை விதி மாறினால் பழைய இன்டெக்ஸ் தவறான இடத்தில் தேடும், இருக்கும் பதிவையும் இல்லையென்று சொல்லும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2018-இல் வந்த 2.28 பதிப்பு அந்த விதிகளைப் பெரிதும் மாற்றியதால், அதன் கொலேஷன்களை நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களில் உரை இன்டெக்ஸ்களை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. சி கொலேஷனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: மின்னஞ்சலின் லோயர் வடிவத்தால் குரூப் பை செய்து, அதாவது ஒரே வடிவமுள்ளவற்றை ஒன்றாகத் திரட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளவற்றை முதலில் எடுங்கள். அவை இருக்கும்வரை யூனிக் இன்டெக்ஸ் உருவாகாது. எந்தக் கணக்கை வைத்துக்கொள்வது, மற்றதன் ஆர்டர்களை எங்கே சேர்ப்பது என்ற முடிவை வாடிக்கையாளர்களுடன் பேசும் உங்கள் குழுவினரிடம் விட்டுவிடுங்கள். புதிய இரட்டைகள் அதற்குள் வராமலிருக்க, பதிவுத் திரையிலிருந்து வரும் இன்சர்ட்டுக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு லோயர் சோதனை வைக்கலாம். ஒரே நேரத்தில் வரும் இரு பதிவுகளை அது தடுக்காது என்பதால், இன்டெக்ஸ் உருவான அன்றே அதை நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்