கண்டதற்கு ஒரு கலம், கேட்டதற்கு ஒரு கலம்

மதுரை

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்தன. இங்கிலாந்தில் உழுத வயலில் காதில் ஹெட்போனும் கையில் மெட்டல் டிடெக்டருமாக நீ நிற்பதைப் பார்த்து வீட்டில் ஒரே சிரிப்பு. “அண்ணன் இந்த வயசுல வெடிகுண்டு தேடப் போறாராமா?” என்று கேட்கிறாள் உன் தங்கச்சி. போகட்டும், சோபாவை விட்டு எழுந்து நடக்கிறாயே, அதுவே நல்லது.

இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் ஒத்தக்கடைப் பக்கம் வீடு மாறிவிட்டாள். நம் பரமனுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறான். நடப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். காலமெல்லாம் சர்வேயராகச் சங்கிலி இழுத்தவன் என்பதால், வயலில் கிடைத்த பழம்பொருளைப் பதிய நோட்டு நல்லதா, போனில் செயலி நல்லதா என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். எதில் வேண்டுமானாலும் எழுது. வயலில் நிற்கும்போது மட்டும் பென்சிலால் எழுது, உங்கள் ஊர் மழைக்குப் பேனா மை தாங்காது. ஒரு பொருளுக்கு ஒரு பை, ஒரு பைக்கு ஒரு எண். அந்த எண்ணைச் சீட்டில் எழுதிப் பைக்குள்ளேயே போடு. எண்ணுக்குள் ஊர்ப்பெயர், உலோகம், காலம் என்று எதையும் திணிக்காதே. வருஷமும் வரிசையும் போதும். இன்று செம்பு என்று நினைத்தது நாளைக்கு வெண்கலம் என்று ஆனாலும் எண் மாறக்கூடாது.

இடம்தான் முக்கியம். நீ அனுப்பிய சீட்டுகளில், இடத்தைக் காட்ட, வரைபடக் கட்டங்களை வைத்து ஆறு இலக்கக் கட்ட எண் போட்டிருக்கிறாய். ஆறு இலக்கம் என்றால் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். இரண்டரை ஏக்கருக்குள் எங்கோ ஒரு பக்கிள் கிடைத்தது என்று எழுதுவதில் யாருக்கு என்ன லாபம்? எட்டு இலக்கம் போட்டால் பத்து மீட்டருக்குள் வந்துவிடும், பத்து இலக்கம் போட்டால் ஒரு மீட்டர். போனே காட்டும்போது ஏன் கஞ்சத்தனம்? உங்கள் ஊரில் இதற்கென்றே 1997இல் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற தொல்பொருள் பதிவுத் திட்டம் தொடங்கி, 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பதிந்திருக்கிறார்கள். பொதுமக்கள் வயலில் எடுத்ததுதான் அதில் பெரும்பகுதி. அதனால் உன் நோட்டு உனக்கு மட்டுமானது இல்லை. அவர்களுடைய அலுவலர் ஒருவர் உன் மாவட்டத்திலும் இருப்பார். போய்ப் பார்.

எங்கள் பக்கம் நான் கிராமம், புல எண், உட்பிரிவு என்று எழுதுவேன். கை பழகிவிட்டது. ஆனால் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் 114/2 என்பது 114/2ஏ, 2பி என்று உடைந்துவிடும். எல்லைக்கல்லைப் பிடுங்கித் துவைகல்லாகப் போட்டிருப்பார்கள். அதனால் புல எண்ணுக்குப் பக்கத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையும் எழுதிவிடுகிறேன்.

நான் எதையும் தோண்டுவதில்லை, அது உனக்குத் தெரியும். தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும் பழைய காசுகளை எடை போட்டு, அளந்து, படமெடுத்து எழுதி வைப்பதோடு சரி. இதில் நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில்தான். நோட்டில் நானே பார்த்ததை எழுத ‘கண்டது’ என்று ஒரு கலம் (கட்டம்), பிறர் சொன்னதை எழுத ‘கேட்டது’ என்று ஒரு கலம். இரண்டையும் கலக்க விடமாட்டேன்.

ஏன் என்கிறாயா? காசு விற்பவரிடம் எங்கே கிடைத்தது என்று கேட்டுப் பார். முன்பெல்லாம் எல்லாமே ‘வைகை ஆத்துல’. வருஷநாட்டு மலையில் ஆரம்பித்து 258 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. அதில் எந்த இடம் என்று கேட்டால் கையை ஆட்டி மேற்கே காட்டுவார். 2014-15இல் கீழடியில் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்து, பிறகு மாநிலத் துறை தொடர்ந்து, பேப்பரெல்லாம் அதே பேச்சானதும், அதே விற்பவர் அதே மாதிரிக் காசுக்கு ‘கீழடிப் பக்கம்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். விலையும் கூடிவிட்டது. இதை ‘கிடைத்த இடம்: கீழடி’ என்று நான் எழுதினால், நாளைக்கு ஒரு மாணவன் அதை நம்பிக் கட்டுரை எழுதுவான். எனவே கேட்டது கலத்தில் ‘விற்றவர் சொன்னது: கீழடிப் பக்கம்’ என்றும், கண்டது கலத்தில் ஒரு கோடும்தான் போடுவேன்.

இது சின்ன விஷயம் இல்லை. மதுரை ஆற்றுப்படுகையில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. சுண்டுவிரல் நகத்தளவுச் சில்லறை. இந்தியாவில் ரோமக் காசுகள் கிடைத்த இடங்களையெல்லாம் ராபர்ட் சிவெல் 1904இல் தொகுத்தபோது மதுரையும் அதில் வந்தது. வியாபாரிகள் பொன்னும் வெள்ளியும் கொண்டு வருவார்கள், கடைத்தெருச் சில்லறையைக் கொண்டு வருவானேன், எனவே இங்கே ரோமர்கள் குடியிருந்திருக்கலாம் என்றுகூட அவர் எண்ணினார். அதே மாதிரிச் சில்லறை இலங்கையில் ஏராளமாகப் புழங்கியதும், அங்கேயே அதைப் பார்த்து அடித்துக்கொண்டதும் பின்னால் தெரியவந்தது. அப்படியானால் மதுரைக் காசுகள் எந்த வழியாக வந்தன? எந்தக் கரை, எந்தப் படித்துறைப் பக்கம், கூட என்ன கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருந்திருந்தால் இன்று ஏதாவது சொல்லலாம். ‘ஆற்றுப்படுகை’ என்று மொத்தமாக எழுதினால் என்னத்தைச் சொல்வது?

அப்புறம், பெயரைக் கடைசியில் எழுது. முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும். போன வாரம் ஒருவர் கொண்டுவந்த காசுக்கு நான் எழுதியது: செம்பு, சதுரம், ஒரு மூலை மழுங்கியது, 3.42 கிராம். ஒரு பக்கம் வலப்புறம் நோக்கிய யானை, தும்பிக்கை தேய்ந்தது, மேலே இரண்டு சின்னங்கள், ஒன்று தெரியவில்லை. மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். இவ்வளவுக்குப் பிறகுதான், தனி வரியில், பென்சிலால் ‘சங்ககாலப் பாண்டியர் காசு, என் கருத்து’. கருத்து மாறினால் அந்த வரியை மட்டும் அழித்தால் போதும். மேலே எழுதியது அப்படியே நிற்கும். கொண்டுவந்தவருக்கு இதில் திருப்தியே இல்லை. ‘பெருவழுதி’ என்று பாண்டிய மன்னன் பெயர் எழுத்தில் இருக்கிறதா பார்க்கச் சொல்லி லென்ஸை விடாமல் என் கையில் திணித்துக்கொண்டே இருந்தார். இல்லாத எழுத்தை எப்படி ஐயா பார்ப்பது?

இன்னொருவர் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று கொண்டுவந்தார். மீனும் போச்சு, யானையும் போச்சு. நீ தயவுசெய்து எதையும் தேய்க்காதே. மெல்லிய பி.வி.சி. உறைகளிலும் போட்டு வைக்காதே, நாளாவட்டத்தில் அதுவே செம்பில் பச்சை பிடிக்க வைக்கும். படம் எடுக்கும்போது இரண்டு பக்கமும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடு. ஐந்து பென்ஸ் காசை வைத்து எடுத்திருக்கிறாய், அது எவ்வளவு பெரிது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆணி, ஈயத்துண்டு, பீர் கேன் வளையம் இதையெல்லாம் குப்பை என்று தூக்கிப் போடுவதாக எழுதியிருந்தாய். போடு, ஆனால் எண்ணி எழுதிவிட்டுப் போடு. எந்த வயலில் எந்தப் பாதி நடந்தாய், எதுவும் கிடைக்காமல் திரும்பினாய் என்பதையும் எழுது. இல்லாவிட்டால் உன் வரைபடத்தில் காலியாக இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லையா, நீ போகவே இல்லையா என்று யாருக்குத் தெரியும்? நிலத்துக்காரர் அனுமதி கொடுத்த தேதியும் இருக்கட்டும். புதையல் என்று கருதத் தக்கது கிடைத்தால் 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலையும் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரி) சொல்ல வேண்டும் என்று உங்கள் 1996ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அது உனக்கே தெரிந்திருக்கும்.

தை மாசம் வரும்போது மெஷினையும் கொண்டுவரட்டுமா, சமணர் மலைப் பக்கம் ஒரு நடை போகலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. அது பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே மண்ணைக் கிளறினாலே கேஸ். மற்ற இடத்திலும் சும்மா இல்லை. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து எடுத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்றைக்கு ஒரு டீக்குக் காணாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு என்றால் 1972 சட்டப்படி தொல்பொருள், நீ பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது. மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வா. உன்னைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு நானே கூட்டிப் போகிறேன். 2023இல் திறந்தது, நீ இன்னும் பார்க்கவில்லை.

வரும்போது 0.01 கிராம் வரை காட்டுகிற சின்னத் தராசு ஒன்று வாங்கி வா. என்னுடையது பேட்டரி மாற்றினாலும் இரண்டு தடவை வைத்தால் இரண்டு எடை சொல்கிறது. உன் நோட்டிலிருந்து நாலு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன். பரமனுக்கும் ஒரு போன் போடு, முட்டிக் கதை கேட்க ஆள் இல்லாமல் தவிக்கிறான்.

அன்புடன்,
ராமலிங்கம்