அந்த ஈரலுக்காக ஒரு மன்னிப்புக் கடிதம்

மாப்ள,

நேற்று ராத்திரி உன் மெசேஜைப் பார்த்ததும் போன் போடத்தான் கை போனது. போட்டிருந்தால் வழக்கம்போல எதையாவது கிண்டலடித்துத் தப்பித்திருப்பேன், அதனால்தான் நாலு பேர் பார்க்க இங்கேயே எழுதுகிறேன். பரிசோதனை ரிசல்ட் வந்துவிட்டது: நீ சுட்ட எல்க் (மிளாவைவிடப் பெரிய மான் வகை) சுத்தம். மானுக்கு சி.டபிள்யூ.டி., அதாவது மான் இனத்தை மெலிய வைத்துக் கொல்லும் மூளை நோய், இருக்கிறது. நீ சொன்னது சரி, நான் குதித்தது தப்பு.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அக்டோபர் கடைசியில் இரண்டாவது ரைஃபிள் வேட்டை சீசனுக்காக அமெரிக்காவின் கொலராடோவில் மீக்கர் ஊருக்குக் கிழக்கே ஃபிளாட் டாப்ஸ் மலையில் கூடாரம் போட்டிருந்தோம். உன்னிடம் ஒரு கிடா மானுக்கு டேக் (சுடுவதற்கான அனுமதிச் சீட்டு), ஒரு பெட்டை எல்குக்கு டேக். மான் டேக் ஏப்ரலில் எழுதிப் போட்டுக் குலுக்கலில் விழுந்தது. நான் எச்1பி ஆசாமி. வேட்டை உரிமம் கையில் இருந்தால்தான் எங்கள் மாதிரி ஆட்களுக்குத் துப்பாக்கியைத் தொடச் சட்டத்தில் விலக்கு, என்னிடம் அது இல்லை, ஆகவே பைனாகுலரும் சுமை தூக்கும் வேலையும் எனக்கு. அம்மாவிடம் சொன்னபோது "மானைச் சுட்டா ஜெயில்ல போடுவாங்களேடா" என்று பதறினார். இங்கே டேக் இல்லாமல் சுட்டால்தான் ஜெயில் என்று புரியவைப்பதற்குள் சார்ஜ் போய்விட்டது.

இரண்டாம் நாள் காலை, சேஜ் புதர்களுக்கு நடுவே அந்த மான். மியூல் டீர் என்று சும்மா பெயர் வைக்கவில்லை, கழுதைக் காதேதான், முதலில் எனக்குத் தெரிந்ததே அந்தக் காதுதான். ஒரே குண்டு. தோலை உரித்தபோது முதுகில் இரண்டு விரல் தடிமனுக்குக் கொழுப்பு, கண் பளபளவென்று, நோய் என்று சொன்னால் எவன் நம்புவான்? நான் ஈரலைக் கையில் எடுத்துக்கொண்டு, சின்ன வெங்காயமும் இடித்த மிளகும் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கதையைச் சொன்னேன். நீ கேட்கவே இல்லை. "ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு துண்டுகூட வாயில வைக்கக் கூடாது."

வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர், உள்ளே நீ போட்ட பாக்கெட் நூடுல்ஸ். "ஆபீஸ்ல பக் தேடுறவன் மான்லயும் தேடுறான்" என்று சொன்னேன், இன்னும் இரண்டு மூன்று வார்த்தை சொன்னேன், அதெல்லாம் இங்கே வேண்டாம். அடுத்த நாள் முழுக்க நாம் பேசிக்கொள்ளவில்லை.

இதில் அவமானம் என்னவென்றால், இந்த நோயை முதன்முதலில் கவனித்ததே நான் வாடகைக்கு இருக்கும் ஊரில்தான். 1967-ல், ஃபோர்ட் காலின்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் அடைத்து வளர்த்த மியூல் டீர்கள் காரணமே தெரியாமல் மெலிந்து மெலிந்து செத்தன. பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் பெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை மருத்துவர், செத்த மான்களின் மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருப்பதைப் பார்த்து இது என்ன வகை நோய் என்று கண்டுபிடித்தார். பிரையான் என்ற கோணிப்போன புரதம்தான் காரணம். கொதிக்க வைத்தாலும் சாகாது, ஃப்ரீசரில் போட்டாலும் சாகாது, அது உயிரே இல்லையே சாவதற்கு. தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு வருடம்வரை கொழுகொழுவென்றே திரியும். மனிதருக்கு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிடாதீர்கள் என்கிறது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. இவ்வளவையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். நீ அன்றைக்கே மூன்று வரியில் சொன்னாய், நான் காதில் வாங்கவில்லை.

நாலாம் நாள் எல்க். அதைச் சுட எடுத்த நேரம் ஒரு நொடி, அதற்கப்புறம் நாம் பட்டதை எந்த வீடியோவிலும் காட்டுவதில்லை. பெட்டையே இருநூறு கிலோவுக்கு மேல், நம்ம ஊர் மிளா பக்கத்தில் நின்றால் தம்பி மாதிரி இருக்கும். நாலு தொடை, முதுகுக் கறி, கழுத்து எல்லாவற்றையும் துணிப்பைகளில் போட்டு, இரண்டு மைல், ஆளுக்கு இரண்டு நடை, ஒவ்வொரு நடைக்கும் இருபத்தைந்து கிலோ. ஒன்பதாயிரம் அடி உயரத்தில் மூச்சு எங்கே இருக்கிறது? இரண்டாவது நடையில் என் முட்டி கழன்றுவிடும்போல இருந்தபோது நீ வாய் திறக்காமல் என் பையிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து உன் பையில் போட்டுக்கொண்டாய். அதற்கும் நான் நன்றி சொல்லவில்லை, இன்னும் ஈரல் கோபத்தில் இருந்தேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து நான் செய்யப் பார்த்த முட்டாள்தனம். இரண்டையும் ஒன்றாக அரைத்துக் கொத்துக்கறியாக்கி பாக்கெட் போட்டால் இடம் மிச்சம் என்றேன். நீ கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு பையிலும் டேப் ஒட்டி மான், எல்க் என்று தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு நான் சொன்னபடி செய்திருந்தால் இன்றைக்கு எல்கும் சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும்.

மான் கறி முப்பது கிலோ என் ஃப்ரீசரில்தான் இருக்கிறது. இரட்டைப் பையில் கட்டி நாளைக்குக் குப்பை வண்டியில் அனுப்பிவிடுகிறேன். முதுகில் தூக்கி வந்தது, கட்டும்போது கை கூசும், பரவாயில்லை. கத்திகளைப் பிளீச்சில் ஊறப்போட எவ்வளவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் சொல், இந்தத் தடவை அப்படியே செய்கிறேன்.

சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். எல்க் ஈரல் உன்னிடம்தானே இருக்கிறது? வெங்காயம் அழுகிவிட்டது, வரும் வழியில் புதிதாக வாங்கிக்கொள்கிறேன். மிளகு அதே பொட்டலம்தான், இன்னும் பிரிக்கவில்லை.