தெருப்பெயரைக் காதால் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். தெருவுக்கு யார் பெயரை வைப்பது என்றுதான் எல்லா இடத்திலும் விவாதம். அந்தப் பெயர் போனில் எப்படிக் காதில் விழும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஆம்புலன்ஸையோ தீயணைப்பு வண்டியையோ அழைப்பவர் பதற்றத்தில் முகவரியைப் பாதிதான் சொல்வார். 'பாரி தெரு' எதிர்முனையில் 'பாரதி தெரு' ஆகிவிட்டால் வண்டி ஊரின் மறுகோடியில் போய் நிற்கும்.

புதுப்பெயரை முடிவு செய்யுமுன் ஊரில் உள்ள எல்லாத் தெருப்பெயர்களோடும் ஒப்பிட வேண்டும். அப்போது 'தெரு', 'சாலை', 'சந்து' என்பவற்றை நீக்கிவிட்டுப் பாருங்கள். பேச்சில் முதலில் உதிர்வது அவைதான். 'குறிஞ்சித் தெரு' இருக்கும் ஊரில் 'குறிஞ்சிச் சாலை' வேண்டாம். அகரவரிசைப் பட்டியலை மட்டும் நம்பவும் முடியாது. அல்லி, மல்லி, வல்லி மூன்றும் அதில் தள்ளித் தள்ளி நிற்கும், காதில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். எனவே ஒருவர் போனில் சொல்ல, ஊருக்குப் புதியவர் ஒருவர் எழுதிப் பார்க்கட்டும். ல, ள, ழ வேறுபாடு அங்கே கரைந்துவிடும். ஆங்கிலப் பலகையிலோ வல்லிக்கும் வள்ளிக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். அந்த எழுத்துக்கூட்டலையும் பெயர் சூட்டும் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பலகையில் ஒன்று, வரைபடத்தில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று என்றாகிவிடும்.

எண் வைத்தால் வம்பில்லை என்பார்கள். '2வது பிரதான சாலை, 3வது குறுக்குத் தெரு, கதவு எண் 4' என்பதில் இரண்டு எண்கள் இடம் மாறினால், உண்மையிலேயே இருக்கும் வேறொரு வீட்டைக் காட்டிவிடும். தப்பு நடந்ததே தெரியாது. பிறகு 3க்கும் 4க்கும் நடுவே புதுத் தெரு முளைத்தால் '3-அ' என்று ஒட்டுப்போட வேண்டியதுதான். பட்டம், இனிஷியல் எல்லாம் சேர்த்த நீளப் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சுருக்குவார்கள். இரண்டு சொல்லுக்குள் நிற்கட்டும்.

ரயில் பாதையோ கால்வாயோ குறுக்கிட்டு, கடக்க வழியில்லாமல் துண்டான தெருவின் இரு பக்கத்துக்கும் ஒரே பெயர் நீடிக்கக் கூடாது. கதவு எண்ணைத் தேடி வருபவர் சுவரில் முட்டி நிற்பார். வளைந்தாலும் விட்டுப்போகாத தெருவுக்கோ நடுவழியில் பெயர் மாறக் கூடாது.

பழைய பெயரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், புதுப்பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அதுவும் சில ஆண்டுகள் பலகையில் இருக்கட்டும். கைவிட்ட பெயரைத் தூக்கி வேறொரு தெருவுக்கு வைப்பதைப் போன்ற தவறு வேறில்லை. பழைய பத்திரமும் தபாலும் அந்தப் பெயரைத் தேடித்தான் வரும், தவறான வாசலுக்கு.

இப்படிக்கு,
நகரமைப்புப் பணியில் உள்ள வாசகர்