டிரம்லைனுக்குப் புதிய ஸ்னேர்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பள்ளி பேண்டின் ஆண்டு நிறைவு விருந்தில் நம் பிள்ளைகளின் டிரம்லைன் (பேண்டின் டிரம் வாசிப்போர் வரிசை) பயிற்றுநர் விடைபெற்றுக்கொண்டார். தமிழ்ப் பெற்றோர் நாம் நமக்குள் ‘மாஸ்டர்’ என்று அழைப்பவர்தான். வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துக் குடிபெயர்கிறார். வழக்கம்போல் ஒரு நினைவுக் கேடயமும் பரிசு அட்டையும் கொடுத்து அனுப்பத்தான் பேண்டின் பெற்றோர் ஆதரவுக் குழு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. கேடயம் வேண்டாம், அந்தப் பணத்தை ஸ்னேர்களுக்கு (தோளில் மாட்டி வாசிக்கும், கூர்மையான ஓசை தரும் டிரம்கள்) போடுங்கள் என்று சொல்லிவிட்டார். மேடையில் தன்னைப் பற்றி அவர் பேசியது அதிகம் போனால் இரண்டு வாக்கியம். மற்ற நேரமெல்லாம் பட்டம் பெற்றுப் போகும் மாணவர்கள் ஒவ்வொருவரும் முதல் நாள் குச்சியை எப்படிப் பிடித்தார்கள் என்று நடித்துக் காட்டி மண்டபத்தைச் சிரிக்க வைத்தார். அவர் கேட்டதைச் செய்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை இரவு கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் மட்டும் பேண்டைப் பார்ப்பவர்களுக்கு டிரம்லைன் என்பது பெரிய சத்தம், அவ்வளவுதான். கொஞ்சம் அருகில் போய்க் கேட்க வேண்டும். ஆழ்ந்த ஓசை தரும் ஐந்து பாஸ் டிரம்கள், ஐந்தும் வெவ்வேறு அளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சுரம். ஒருவர் வாசிக்க வேண்டிய வரியை ஐந்து பேர் அட்சரம் அட்சரமாகப் பங்கிட்டு வாசிக்கிறார்கள். ஒரு பிள்ளை இம்மி பிந்தினாலும் வரி உடைந்துவிடும், அரங்கின் கடைசி வரிசைக்கும் அது தெரியும். மிருதங்கம் கற்ற நம் பிள்ளைகள் சிலர் சொற்கட்டை வாயால் சொல்லிவிட்டு அடிப்பதை ஒருநாள் மாஸ்டர் கவனித்தார். மறுநாளே பாஸ் வரிசை முழுவதும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வாயால் வாசித்தது. அமெரிக்கப் பிள்ளைகள் ‘தகதிமி’ சொல்லிக்கொண்டு வாகனம் நிறுத்தும் இடத்தில் நடந்துபோன காட்சியை யாரும் படம் பிடிக்காமல் விட்டதுதான் குறை.

அவருடைய பாடம் எளிமையானது, இரக்கமற்றது. வலது கையில் எட்டு அடி, இடது கையில் எட்டு அடி, எல்லாக் குச்சிகளும் ஒரே உயரத்தில். இதையே மெட்ரோனோம் என்னும் தாளக் கருவிக்கு இணையாக அரை மணி நேரம். பிறகு பாராடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. தாளவாத்தியக்காரர்களின் சர்வதேச சங்கம் 1984இல் வகுத்த 40 அடிப்படைப் பாடங்களையும் தேறாமல் எந்த மாணவரும் நிகழ்ச்சிப் பாடலைத் தொட முடியாது. காதடைப்பான் போடாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுவதும் கேட்டாலே செவிக்குக் கேடு. ஸ்னேர் வரிசையின் நடுவில் நிற்பவருக்கு அதைவிடப் பல மடங்கு.

இனி டிரம்களின் நிலை. அணிவகுப்பு ஸ்னேரின் மேல் தோல், குண்டு துளைக்காத உடுப்பில் இருக்கிற அதே கெவ்லார் இழையால் ஆனது. அந்தக் கூர்மையான ஓசைக்காக அதை மேசைப் பலகை போல் விறைக்கும்வரை முறுக்கி ஏற்றுகிறார்கள். இந்த இழுவிசையை வருடக்கணக்கில் தாங்கித் தாங்கி நம் டிரம்களின் வளையங்கள் வளைந்துவிட்டன, திருகுகளின் மரை தேய்ந்துவிட்டது. இரண்டு டிரம்கள் அவற்றை வாசிக்கும் பிள்ளைகளைவிட மூத்தவை. ஒன்றிலிருந்து நல்ல திருகைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, பயிற்சி தொடங்கிய பிறகும் சாவியோடு டிரம் டிரம்மாக மாஸ்டர் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். டெக்சஸ் விதிப்படி பள்ளி வாரத்தில் வகுப்பு நேரத்துக்கு வெளியே எட்டு மணி நேரம்தான் பயிற்சி தரலாம். அதில் கால் மணி திருகுக்குப் போனால் திரும்பி வராது. புதிதாக வரப்போகும் பயிற்றுநருக்கு இந்தச் சொத்தைத்தான் ஒப்படைக்கப் போகிறோமா?

கல்வி மாவட்டம் ஏன் வாங்கித் தரவில்லை என்ற கேள்வி நியாயமானது. பேண்ட் இயக்குநர்களின் சம்பளம், பேருந்து, பெரிய வாத்தியங்களில் பெரும்பகுதி எல்லாம் மாவட்டத்தின் செலவு. வாத்தியங்களை மாற்றித் தரும் வரிசையில் நம் பள்ளியின் முறை வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். நம் பள்ளியில் பகுதிநேரப் பயிற்றுநர்களின் ஊதியமும் இதுபோன்ற அவசரச் செலவுகளும் பெற்றோரின் ஆதரவுக் குழுவைச் சேர்ந்தவை.

நமக்குத் தேவை 15,000 டாலர். எட்டு ஸ்னேர்களும் தோளில் மாட்டும் தாங்கிகளும் சேர்த்து ஏறக்குறைய 11,000. பாஸ் டிரம்களுக்குத் தோல், குச்சிகள், பயிற்சிப் பலகைகள் வகையில் 1,500. மீதி 2,500 டாலரை பேண்ட் கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்கென ஒதுக்குகிறோம். இந்தக் கடைசி இனம் குழுவில் விவாதமானது உண்மைதான். டிரம்முக்கென்று வசூலித்துவிட்டு வேறு செலவு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நம் ஊர் வசதியானதுதான், ஊரிலுள்ள எல்லா வீடும் அப்படியல்ல. கட்டணத்துக்கு அஞ்சி பேண்டில் சேர்வதற்கான தேர்வுக்கே வராமல் போகும் பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரியவே வராது. டிரம் இருந்து வாசிக்க ஆளில்லாமல் என்ன பயன் என்ற முடிவுக்குக் குழு கடைசியில் வந்தது.

கொடுக்கும் முன் உங்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். நம்மில் பலர் வேலை செய்யும் நிறுவனங்கள், ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு இணையான தொகையைத் தாமும் தருகின்றன. நூறு டாலர் இருநூறாகும் வழி இருக்க, படிவம் நிரப்பச் சோம்பல்பட்டு அதை விட்டுவிடுகிறோம். குழு 501 சி 3 என்னும் வரிவிலக்குத் தொண்டு அமைப்புப் பிரிவில் பதிவானது என்பதால் ரசீதைக் கொண்டு வரிச் சலுகை கோரலாம். செலவுகளை இனம் பிரித்துக் காட்டாதவர்களும் 2026 வரி ஆண்டு முதல் தனிநபருக்கு 1,000 டாலர் வரை, தம்பதியருக்கு 2,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். விவரத்தை உங்கள் வரிக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். நீங்கள் தரும் நன்கொடையை உங்கள் பிள்ளையின் கட்டணத்தில் கழிக்க முடியாது. வருமான வரித்துறை அதை அனுமதிப்பதில்லை. இது எல்லாப் பிள்ளைகளுக்குமான பணம். பத்து டாலரும் வரவேற்புக்குரியதே. பெயர் வெளியாக வேண்டாம் என்பவர்கள் காசோலையின் ஓரத்தில் எழுதிவிட்டால் போதும்.

டிரம்களை ஆர்டர் கொடுத்த பிறகே செய்கிறார்கள், கைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். ஆகஸ்ட் வெயிலில் கோடைப் பயிற்சி தொடங்கும்போது அவை பிள்ளைகளின் தோளில் இருக்க வேண்டுமானால் ஜூன் 10க்குள் பணம் சேர்ந்தாக வேண்டும். காசோலையை ஆதரவுக் குழுவின் பெயருக்கு எழுதி, குறிப்பில் ‘டிரம்லைன்’ என்று சேர்த்து, பேண்ட் அறை வாசலிலுள்ள கட்டணப் பெட்டியில் போடுங்கள். மாஸ்டர் ஜூன் நடுவில் புறப்படுகிறார். ஆர்டர் படிவத்தில் தோல், வளையம், நிறம் எல்லாவற்றையும் தாமே சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
பேண்ட் ஆதரவுக் குழுவின் தமிழ்ப் பெற்றோர்