பழைய கணினியைக் கைமாற்றும் முன் டிஸ்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய கணினியும் வெளியே வந்துவிடுகிறது. சிலர் அதைப் பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் விற்கிறார்கள். சிலர் கடையில் கொடுத்துப் புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். பலர் தமிழ்ப்பள்ளிக்கோ கோயில் அலுவலகத்துக்கோ நன்கொடையாகத் தருகிறார்கள். தருவதற்கு முன் கோப்புகளை மொத்தமாகத் தெரிவு செய்து டிலீட் அழுத்தி, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டால் எல்லாம் துடைபட்டுவிட்டது என்றே நம்புகிறார்கள். துடைபட்டதா இல்லையா என்பது, உள்ளே இருப்பது சுழலும் தட்டுகளில் எழுதும் ஹார்ட் டிஸ்கா, சிப்புகளில் எழுதும் எஸ்.எஸ்.டி.யா என்பதைப் பொறுத்தது.

குப்பைத்தொட்டியில் போட்ட கோப்பு உண்மையில் எங்கும் போவதில்லை. அதே டிஸ்கில் மறைந்திருக்கும் ஒரு போல்டரில் விண்டோஸ் அதற்கு வேறு பெயர் சூட்டி வைக்கிறது. பழைய பெயர், இருந்த இடம், நீக்கிய நேரம் மூன்றையும் பக்கத்திலேயே ஒரு குட்டிக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. 20 ஜி.பி. வீடியோவை நீக்கியும் டிஸ்கில் இடம் கூடாததற்குக் காரணம் இதுதான். பென்டிரைவில் நீக்கியவை பொதுவாகத் தொட்டிக்கு வருவதில்லை, நேரே போய்விடும். ஷிஃப்ட்டோடு சேர்த்து டிலீட் அழுத்தினாலும் அப்படித்தான்.

தொட்டியைக் காலி செய்த பிறகு என்ன நடக்கிறது? 3 எம்.பி. அளவுள்ள ஒரு கல்யாணப் படத்தை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் டிஸ்கை வழக்கமாக 4 கே.பி. கட்டங்களாகப் பிரிப்பதால் அந்தப் படம் 768 கட்டங்களில் உட்கார்ந்திருக்கும். எந்தெந்தக் கட்டம் என்ற விவரம் தனியாக ஒரு பதிவேட்டில் 1 கே.பி. அளவுள்ள ஒரு பதிவாக இருக்கும். நீக்கும்போது, அந்தப் பதிவு இனி பயன்பாட்டில் இல்லை என்று ஒரு குறி; அந்த 768 கட்டங்களும் காலி என்று இன்னொரு பட்டியலில் ஒரு திருத்தம். அவ்வளவுதான். படம் இருந்த கட்டங்களை யாரும் தொடுவதில்லை. ஒரு மணி நேரம் நகலெடுத்த கோப்புகளை நீக்கச் சில நொடிகளே ஆவது இதனால்தான். வேறொரு கோப்பு அதே கட்டங்களில் வந்து உட்காரும்வரை படம் அப்படியே கிடக்கும். ஆறு மாதமும் கிடக்கலாம், அடுத்த நிமிடமே போகவும் செய்யலாம்.

பல கேமரா கார்டுகளிலும் பழைய பென்டிரைவுகளிலும் உள்ள ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே நீக்குவதென்றால், பெயரின் முதல் எழுத்தை ஒரு குறியீடாக மாற்றி, கட்டங்களைக் காலி என்று குறிப்பது. மீட்பு மென்பொருளைத் திறந்தால் முதல் எழுத்து இல்லாத கோப்புப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பெயர் முழுவதும் போயிருந்தாலும் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள், படக்கோப்புகள் தொடங்கும் விதத்தை வைத்தே அவற்றைத் தேடி எடுத்துவிடும். அடையாள அட்டை நகல், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வருமான வரிப் பாரம், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ் எல்லாம் இப்படி வெளியே வரக்கூடியவை. எடுப்பவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

எஸ்.எஸ்.டி.யின் கதை வேறு. அதில் எழுதிய இடத்தின் மேல் அப்படியே மறுபடி எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை முழுவதும் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஆகவே கோப்பை நீக்கியதுமே, இந்த இடம் இனி வேண்டாம் என்று கணினி டிஸ்குக்குச் சொல்லிவிடுகிறது. இதற்கு ட்ரிம் என்று பெயர். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது உண்டு. சொன்ன பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலான டிஸ்குகளில் வெறும் பூஜ்யங்களே வரும். தொட்டியைத் தவறுதலாகக் காலி செய்துவிட்டு, எவ்வளவு ஆனாலும் தருகிறேன், பிள்ளையின் படங்களை எடுத்துக் கொடுங்கள் என்று மடிக்கணினியோடு வருபவர்களிடம் பெரும்பாலும் கைவிரிக்க வேண்டியிருப்பது இதனால்தான். யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் எஸ்.எஸ்.டி.யில் ட்ரிம் போய்ச் சேரலாம், சேராமலும் இருக்கலாம். அதை நம்பி மீட்கவும் முடியாது, அதை நம்பி விற்கவும் கூடாது.

உள்ளே எது இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு டிஸ்கின் பெயருக்கும் கீழே எஸ்.எஸ்.டி. அல்லது எச்.டி.டி. (ஹார்ட் டிஸ்க்) என்று போட்டிருக்கும். சில மடிக்கணினிகளில் இரண்டுமே இருக்கும். ஒன்றைத் துடைத்துவிட்டு மற்றதை மறப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

விண்டோஸ் 10, 11 உள்ள கணினியானால், செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய் ‘ரீசெட் திஸ் பிசி’ என்பதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’கைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்ற சிறிய எழுத்தைத் திறந்து, ‘கிளீன் டேட்டா’வை ஆன் செய்யுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் எல்லா டிரைவும் என்பதையும் ஆன் செய்யுங்கள். இது இல்லாமல் ரீசெட் செய்த ஹார்ட் டிஸ்கிலிருந்து பழைய கோப்புகளை மீட்க முடியும். 1 டி.பி. ஹார்ட் டிஸ்கை முழுதும் ஒரு முறை எழுதி முடிக்கவே இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். பழைய டிஸ்கானால் இன்னும் கூடும். சார்ஜரைச் செருகிவிட்டு இரவில் விட்டுவிடுங்கள். வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்குக்கு, ஃபார்மட் செய்யும்போது ‘குயிக் ஃபார்மட்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டாலே போதும். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. எக்ஸ்பி எழுதாது, பழுதான இடங்களைத் தேடுவதோடு சரி. வேறு டிஸ்குகள் இணைந்திருந்தால் முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்கைத் துடைத்தால் அதற்கு மருந்து கிடையாது.

காலி இடத்தை மட்டும் துடைக்க விண்டோஸிலேயே சைஃபர் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் 1 கே.பி.க்கும் குறைவான கோப்புகளுக்கு அது பயன்படாது. மிகச் சிறிய கோப்புகள், எந்தக் கோப்பு எந்தக் கட்டத்தில் என்று குறிக்கும் பதிவேட்டுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. கடவுச்சொற்களை நோட்பேடில் எழுதி வைப்பவர்களின் கோப்பு பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். ஆகவே கைமாற்றும் கணினிக்கு முழு டிஸ்கையும் துடைப்பதே சரி. துடைப்பதற்கு டிஸ்கின் மேல் 35 தடவை எழுத வேண்டும் என்ற பேச்சு 1996இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளம்பியது. அது அக்காலத்துப் பலவகை டிஸ்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இன்றைய ஹார்ட் டிஸ்குக்கு ஒரு தடவை போதும். எஸ்.எஸ்.டி.யில் பல தடவை எழுதினால் அதன் ஆயுள்தான் குறையும். அதற்குத் தயாரித்த நிறுவனமே தரும் ‘செக்யூர் இரேஸ்’ கருவி மேல்.

ஓடாத டிஸ்கை மென்பொருளால் துடைக்க முடியாது. கழற்றி எடுத்து, தட்டுகளைத் துளைபோடும்படி கடையில் சொல்லுங்கள். வீட்டில் செய்வதானால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். மடிக்கணினி டிஸ்கின் தட்டுகள் பல சமயம் கண்ணாடியால் ஆனவை, சிதறிவிடும்.

நீக்கியதைத் திரும்பப் பெற வேண்டியவர்கள் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பென்டிரைவானால் உடனே கழற்றி வையுங்கள். கணினியின் உள் டிஸ்கானால் உடனே அணைத்துவிடுங்கள். இணையத்தில் தீர்வு தேடுவதுகூட அதே டிஸ்கில் கோப்புகளை எழுதும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவுவதுதான் மிகப் பெரிய தவறு. டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, மீட்டதை மூன்றாவது ஓர் இடத்தில் சேமிக்க வேண்டும். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள்.

கிளினிக், கணக்காளர் அலுவலகம், டியூஷன் மையம் நடத்துபவர்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் அல்ல. தேவை முடிந்த தனிநபர் தரவுகளை நிரந்தரமாக அழிக்க வேண்டும் என்பது மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் கடமை. டிலீட் பொத்தானை அழுத்தியதை நிரந்தர அழிப்பு என்று சொல்ல முடியாது.

பழைய கணினிகளைத் திரட்டும் ஆலயங்களுக்கும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாங்கும்போது எழுதிக்கொள்ளும் தாளில் இன்னும் இரண்டு கட்டங்களைச் சேருங்கள்: டிஸ்க் எந்த வகை, முழுதும் துடைத்தாயிற்றா. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால், கணினியை வகுப்பறைக்கு அனுப்புவதற்கு முன் நீங்களே ஓர் இரவு அதை ஓடவிட்டுத் துடைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.