சக்கிமுக்கித் துப்பாக்கிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மழையில் சரிந்த சுடுதளத்து மண்கரையை வசந்த காலத்திலேயே சீர்செய்துவிட்டோம். இந்த ஆண்டின் உண்மையான உழைப்பு பட்டறை மேசையில்தான் நடந்தது. அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

குளிர்காலம் முழுவதும் உறுப்பினர்கள் பலர் உதிரிப்பாகத் தொகுப்புகளை வாங்கிவந்து சக்கிமுக்கித் துப்பாக்கிகள், அதாவது கல் இரும்பில் மோதி எழும் பொறியால் மருந்து பற்றும் பழைய வகைத் துப்பாக்கிகள், செய்தார்கள். எல்லாமே உட்புறம் வழுவழுப்பான, குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் வெட்டாத குழல் உள்ளவை. பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது 20 கேஜ். ஒரு பவுண்டு ஈயத்தில் ஒரே அளவாக 20 குண்டுகள் வார்த்தால் ஒரு குண்டின் விட்டம் எவ்வளவோ அதுவே அந்தக் குழலின் அளவு, ஏறத்தாழ 0.615 அங்குலம். ஒருவர் மட்டும் இத்தாலியின் பெடர்சோலி நிறுவனத் தொகுப்பிலிருந்து 0.75 அங்குலக் குழலுள்ள பிரௌன் பெஸ் என்ற பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கியைச் செய்து முடித்தார்.

மற்றவர்கள் பிரெஞ்சு வேட்டைத் துப்பாக்கியைத் தேர்ந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இந்தியானாவில் இருந்துகொண்டு வேறு எதைச் செய்வது? வபாஷ் ஆற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் 1717-இல் வியாட்டனன் கோட்டையை அமைத்து, அங்கு வாழ்ந்த வேயா பழங்குடி மக்களோடு தோல் வணிகம் செய்தார்கள். அந்த இடத்தை அகழ்ந்தபோது துப்பாக்கி உறுப்புகளும் மண்ணிலிருந்து வந்தன. ரவை போட்டால் வாத்து விழும், குண்டு போட்டால் மான் விழும். ஒரு குடும்பத்துக்கு ஒரே துப்பாக்கி போதுமானதாக இருந்தது. அந்தக் காலத்துச் சாதாரண மனிதர் கையில் அதிகம் இருந்தது இப்படிப்பட்ட குழல்தான். நம் சங்கத்தில் வரிப்பள்ளக் குழலுள்ள நீண்ட ரைஃபிளுக்குக் கிடைக்கும் மரியாதை இதற்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொகுப்பு என்றால் திருகாணிகளை முடுக்கினால் வேலை முடிந்தது என்று எண்ணி வந்த புதியவர்கள் உண்டு. குழலுக்கும், பொறியெழுப்பும் விசைப்பூட்டுக்கும் உரிய பள்ளங்களைக் கட்டையில் இயந்திரம் ஓரளவுக்கு வெட்டித் தருகிறது, உண்மைதான். மிச்சத்தைக் கைதான் செய்ய வேண்டும். மெழுகுவத்திப் புகைக்கரியை இரும்பில் பிடித்து, மரத்தில் அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சீவி, மறுபடியும் அழுத்திப் பார்க்க வேண்டும். குழலின் பின்முனை மரத்தோடு முழுதும் பொருந்தி உட்காராவிட்டால், சுடும்போது வரும் உதை ஒரே இடத்தில் விழுந்து கட்டை பிளந்துவிடும். இந்த ஒரு வேலையிலேயே சிலருக்கு வாரக்கணக்கில் ஆனது. அந்த வாரங்கள் வீணல்ல.

குழலை மரத்தோடு பிணைக்கும் ஊசிகளுக்கான துளைகளைக் குழலின் அடியிலுள்ள காதுகளில் சற்றே நீளவாக்கில் இழைக்கச் சொன்னோம். நம் ஊர்க் கோடையின் ஈரத்தில் மரம் உப்பும், குளிர்காலத்தில் வீட்டுக் கணப்பின் சூட்டில் சுருங்கும். இரும்பு அப்படிச் செய்யாது. இடைவெளி விடாதவர் கட்டையில் விரிசல் காண்பார்.

குழலுக்குள் நெருப்பைக் கொண்டுபோகும் நெருப்புத் துளையை இடுவதற்குள் எல்லோருக்கும் கை வியர்த்தது. குழலின் பக்கத்தில் பற்றவைக்கும் மருந்தை ஏந்தும் மருந்துக் கிண்ணத்தின் மேல்விளிம்புக்கு நேராக, சுமார் 1/16 அங்குலத் துளை. ஓர் உறுப்பினரின் துளை தாழ்ந்துவிட்டது. கிண்ணத்து மருந்து துளையை மூடிக்கொண்டு திரிபோல எரிந்த பிறகே குழலுக்குள் நெருப்புப் போனது. கல்லைப் பிடித்திருக்கும் குதிரை விழுவதற்கும் வெடிப்பதற்கும் நடுவே காதால் கேட்கக்கூடிய தாமதம். துளையைப் பெரிதாக்கி, மரையிட்ட உறை ஒன்றைச் சரியான உயரத்தில் பொருத்தியதும் அது தீர்ந்தது.

கட்டையைச் செதுக்குவதில் எல்லோருமே தயங்கினார்கள். அளவுக்கு மேல் மரத்தை விட்டுவைத்தால் பழைய துப்பாக்கியின் மெலிந்த அழகு வராது, தூக்கிப் பிடித்தால் முன்பக்கமும் கனக்கும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மேசை மேசையாகப் போய், "இன்னும் சீவுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பலன் உங்கள் முன் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அலையோடிய மேப்பிள் கட்டைகளுக்கு, இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசிச் சூடு காட்டினோம். செம்பழுப்பு நிறம் கண்ணெதிரே எழுந்து வருவதைப் பார்க்க அன்று பட்டறையில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். மேலே ஆளிவிதை எண்ணெய் மட்டுமே. பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம் என்று நான் வாதாடினேன், இனியும் வாதாடுவேன்.

முதல் வெடி எதையும் கையில் பிடித்துச் சுடவில்லை. துப்பாக்கியைச் சட்டத்தில் கட்டி, விலகி நின்று கயிற்றால் விசையை இழுத்தோம். பிறகு 0.595 அங்குலக் குண்டு, எண்ணெய் தோய்ந்த துணி, 65 கிரெய்ன் கருமருந்து என்று தொடங்கி, அவரவர் குழலுக்கு ஏற்ற அளவைத் தேடினார்கள். இந்தத் துப்பாக்கியில் பின்குறி, அதாவது குழலின் பின்பக்கத்துக் குறிபார்க்கும் வெட்டு, கிடையாது. கன்னம் கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படிந்தால்தான் கண்ணே பின்குறியாக வேலை செய்யும். 25 கஜத்தில் பழகிவிட்டவர்கள் 50 கஜத்தில் தடுமாறினார்கள். பயிற்சி தொடர்கிறது. ரவைக்கு, மருந்தும் ரவையும் ஒரே கொள்ளளவில் போட்டது பலருக்கு நல்ல பரவலைத் தந்தது.

மருந்து பற்றி ஒரு செய்தி. 2021-இல் லூசியானாவின் மின்டென் ஆலையில் கோயெக்ஸ் கருமருந்து உற்பத்தி நிற்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்தபோது நாம் பட்ட கவலை உங்களுக்கு நினைவிருக்கும். 2022-இல் எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கிய பின் மூச்சு வந்தது. அந்தக் கவலைக்குப் பிறகு சங்கம் உறுப்பினர்களுக்காக மொத்தமாகவே மருந்து வாங்குகிறது. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் அதைப் பெரும்பாலும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும்தான் கப்பலேற்றியது. அந்த உப்பு இல்லாமல் பிரௌன் பெஸ் ஒரு மரத்தடிதான்.

இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் குழல்களில் போடக் கூடாது. மருந்து வைக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது, அளவுக் குப்பி வழியாகவே இட வேண்டும். கிண்ணத்தில் மருந்து வைப்பது சுடும் கோட்டில் நின்ற பிறகுதான். குதிரை விழுந்தும் வெடிக்காவிட்டால் ஒரு நிமிடம் குழல்வாயைக் குறிப்பலகை நோக்கிப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். துளையின் வழியே பாயும் நெருப்பு வலப்பக்கம் நிற்பவரைச் சுடும், ஆகவே வரும் ஆண்டு முதல் நெருக்கமாக நிற்கும் போட்டிகளில் பக்கத் தடுப்புத் தகடு கட்டாயம். குழலுக்குள் விட்டுக் குண்டைக் கெட்டிக்கும் கோலில், அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று காட்ட, வெற்றுக் குழலுக்கு ஒரு கோடு, மருந்திட்ட குழலுக்கு ஒரு கோடு போடாத எவரையும் சுடுதளப் பொறுப்பாளர் அனுமதிக்கமாட்டார். இரட்டை மருந்து இட்டுக் குழல் வெடிக்கும் ஆபத்தைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஜூன் மாதம் ஃபிரெண்ட்ஷிப் ஊரில் நடந்த தேசியப் போட்டிகளுக்கும், அக்டோபரில் வியாட்டனன் கோட்டைத் திடலில் நடந்த வேட்டை நிலா விழாவுக்கும் உறுப்பினர்கள் போய்வந்தார்கள். விழாவில் தாங்களே செய்த துப்பாக்கிகளோடு நின்றவர்களைச் சுற்றிச் சிறுவர்கள் விலகாமல் நின்றார்கள். கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்ன அனைவருக்கும் நன்றி.

இன்று உங்கள் வாக்குக்கு வரும் தீர்மானம் ஒன்று உள்ளது. பின்குறி இல்லாத வரியற்ற குழல்களுக்கு 25, 50 கஜங்களில் தனிப் போட்டி வரிசை வேண்டும். ரைஃபிள்களோடு ஒரே பட்டியலில் வைத்து அவற்றின் மதிப்பெண்ணைப் பார்ப்பது நியாயமல்ல. அடுத்த பட்டறை நவம்பரில் தொடங்கும். நல்ல குழலும் விசைப்பூட்டும் வந்து சேர மாதங்கள் ஆகின்றன. சேர விரும்புவோர் கூட்டம் கலைவதற்கு முன் பொருளாளரிடம் பெயரையும், இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அதையும் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டுகிறேன்.