அடிபம்பு விமானம்

அன்புள்ள கண்ணனுக்கு அப்பா எழுதுவது.

மூன்று ஞாயிறாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை இருக்கும், சரி. டாக்டரிடம் போனாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

பரணை ஒழித்தபோது நம் ஸ்பிட்ஃபயர் பெட்டி கிடைத்தது, இரண்டாம் உலகப் போரில் பறந்த அந்தப் பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாடல்கள், நாம் ஒட்டியவை. எனக்கு இன்றைக்கும் பிடித்தது அதன் முதல் ரகமான மார்க் 1தான். ஆரம்பத்தில் வந்தவற்றில் சக்கரத்தை உள்ளே இழுக்க விமானி வலது கையால் பம்ப் அடிக்க வேண்டும். இடது கையில் இருக்கும், விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கும் கூடவே ஆடும், விமானம் தள்ளாடிக்கொண்டே மேலேறும். அடிபம்பு விமானம் என்று நீ கேலி செய்வாய்.

உனக்கு மார்க் 9. 1941-ல் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 போர் விமானம் வந்து மார்க் 5-ஐத் திணறடித்தது. முறையாகத் திட்டமிட்ட மார்க் 8 தயாராகும்வரை பொறுக்க முடியாமல், மார்க் 5-இன் உடம்பிலேயே மெர்லின் 61 எஞ்சினை ஏற்றி 1942-ல் அனுப்பினார்கள். அந்த அவசர வேலைதான் ஐயாயிரத்துக்கும் மேல் உற்பத்தியானது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் அதன் இரண்டு கட்ட சூப்பர்சார்ஜரைப் பத்து வயதில் எனக்கே விளக்கினாய். ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

1936 மார்ச் 5 அன்று ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் பறந்த இடம் இப்போது சவுத்தாம்ப்டன் விமான நிலையம். உன் வீட்டுக்குப் பக்கம்தான், ஒரு போட்டோகூட அனுப்பவில்லை நீ. வடிவமைத்த மிட்செலுக்கு 1933-லேயே குடலில் புற்றுநோய்க்கு ஆபரேஷன். அப்புறமும் வேலை வேலை என்றே இருந்தார். 1937-ல் போய்விட்டார். மார்க் 1 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. வயது 42. உனக்கு ஆவணியில் 42. டாக்டரைப் பார். வேளைக்குச் சாப்பிடு. டாக்டரைப் பார்.

மார்க் 9-க்குச் சக்கரம் ஒட்டாமலே கிடக்கிறது. பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தின வாரம் வயிறு வலிக்கிறது என்றாய். படிக்காமலிருக்கச் சாக்கு என்று அதைப் பிடுங்கிப் பரணில் போட்டவன் நான். மறுநாள் ராத்திரி குடல்வால் வெடித்துவிட்டது. அதற்கப்புறம் வலி என்ற வார்த்தையை என்னிடம் நீ சொன்னதே இல்லை. என் பிள்ளை கல் மாதிரி என்று இத்தனை வருஷம் பெருமை பேசியிருக்கிறேன். சொல்லவிடாமல் செய்தது நான்தான், கண்ணா.

தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது.

அப்பா

பி.கு: மருமகள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அவளைத் திட்டாதே.